அக்காமா கைக்கு வருவதற்குள் உடம்புக்கு முடியாமல் போனால்: வெளிநாடு போகும் ஆசிரியர்களுக்கு முழு வழிகாட்டி

ஏற்காட்டில் ஏழு வருடம் கணக்கு சொல்லிக் கொடுத்துவிட்டு, 2014-ல் நான் அமீரகத்துக்கு வேலைக்குப் போனேன். "விசிட் விசாவில் வந்துடுங்க டீச்சர், பதினஞ்சு நாள்ல வேலை விசாவா மாத்திடலாம்" என்றார்கள். மாற்றுவதற்கு எழுபத்தெட்டு நாள் ஆனது. ஐம்பதாவது நாள் ராத்திரி அடிவயிற்றில் வலி. விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும், போகவில்லை. ரெசிடென்ஸி (அங்கே குடியிருக்கும் அனுமதி) இல்லையே, கேட்டால் என்ன சொல்வது, வகுப்பெடுப்பது தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். சீரகத் தண்ணீரும் பாராசிட்டமாலுமாக இரண்டு நாளை ஓட்டினேன். மூன்றாம் நாள் அறைத்தோழி என்னைத் தூக்கிக்கொண்டு போனபோது குடல்வால் வெடித்திருந்தது.

அறுவை சிகிச்சை செய்த டாக்டர் என்னிடம் விசாவைப் பற்றிக் கேட்கவே இல்லை. "நேத்தே ஏன் வரலை?" என்று மட்டும்தான் கேட்டார். பாஸ்போர்ட்டை மறுநாள்தான் வாங்கிப் பார்த்தார்கள், அதுவும் பில் போடுவதற்கு.

இப்போது சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். வெளிநாடு கிளம்பும் டீச்சர்கள் வீட்டுக்கு வந்து சம்பளம், தங்குமிடம், விடுமுறை என்று எல்லாம் கேட்கிறார்கள். உடம்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அவர்களை உட்கார்த்தி வைத்துச் சொல்வதை இங்கே எழுதியிருக்கிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்த இடம் அமீரகம் என்பதால் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அங்கிருந்து வரும். மற்ற நாடுகளுக்கு என்ன மாறும் என்பது பின்னால் இருக்கிறது.

முதலில், இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது

அக்காமாவோ (சவுதி போன்ற நாடுகளின் குடியிருப்பு அட்டை) எமிரேட்ஸ் ஐடியோ (அமீரக அடையாள அட்டை) தாமதமாவதற்கு ஆசிரியர்கள் விஷயத்தில் முக்கியமான காரணம் பட்டச் சான்றிதழ். மற்ற வேலைகளைப் போல் இல்லை; பி.எட். வரை அத்தனையும் அட்டஸ்டேஷன் (உண்மைதான் என்ற அரசு முத்திரை) ஆகி, அந்த ஊர்க் கல்வித் துறை ஒப்புதல் தந்தால்தான் பள்ளி நம்மை ஆசிரியராகக் காட்ட முடியும். ஒரே முத்திரையை உறுப்பு நாடுகள் ஏற்றுக்கொள்ளும் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இந்தியா 2005-ல் சேர்ந்தது. ஓமன், பஹ்ரைன், சவுதி ஆகியவையும் அதில் இருக்கின்றன. அந்த நாடுகளுக்கு வெளியுறவுத் துறையின் அப்போஸ்டில் முத்திரை போதும். அமீரகம், கத்தார், குவைத் அதில் சேரவில்லை. ஆகவே பெரியார் பல்கலைக்கழகப் பட்டம் மாநில அரசின் சான்று, வெளியுறவுத் துறை, அந்நாட்டுத் தூதரகம், கடைசியில் அங்குள்ள வெளியுறவு அமைச்சகம் என்று படி ஏறி இறங்க வேண்டும். இதை சேலத்தில் இருக்கும்போதே முடித்துவிட்டால் இடைவெளி பாதியாகக் குறையும். என் எழுபத்தெட்டு நாளில் ஒரு மாதத்துக்கு மேல் இந்த முத்திரைகளுக்காகவே போனது.

இடைவெளி ஏன் ஆபத்து என்றால், மருத்துவக் காப்பீடு ரெசிடென்ஸியோடு கட்டப்பட்டிருக்கிறது. துபாயில் 2013-ஆம் ஆண்டின் 11-ஆம் எண் சட்டப்படி ஊழியருக்குக் காப்பீடு எடுத்துத் தருவது முதலாளியின் பொறுப்பு, பிரீமியத்தை நம் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. ஷார்ஜா, அஜ்மான் போன்ற அமீரகத்தின் மற்ற பகுதிகளிலும் 2025 ஜனவரி 1 முதல் ரெசிடென்ஸி எடுக்கும்போதும் புதுப்பிக்கும்போதும் காப்பீடு கட்டாயம். நல்ல சட்டம்தான். ஆனால் கார்டு வரும்வரை நமக்கு அது வெறும் காகிதம்.

விசிட் விசாவில் வேலைக்கு அழைத்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். என் பதில் ஒன்றுதான்: வேலைக்கான நுழைவு அனுமதி வந்த பிறகு விமானம் ஏறுங்கள். அந்த அனுமதியில் போனால் மருத்துவப் பரிசோதனை, கைரேகை, ஐடி எல்லாம் முடிக்க 60 நாள் இருக்கிறது. அந்த நாட்களில் நீங்கள் யார் என்பதற்குச் சட்டப்படியான பெயரும் இருக்கிறது. வேலை அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைத்தால் முதலாளிக்கு 1 லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹாம் வரை அபராதம் என்று 2024-ல் சட்டத்தைக் கடுமையாக்கியிருக்கிறார்கள். இந்த அபராதத்துக்குப் பயப்படும் பள்ளி, நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது "இவர் எங்கள் டீச்சர்" என்று எழுதித் தராது. இதை நான் அனுபவித்துத்தான் சொல்கிறேன்.

சேலத்தை விட்டுக் கிளம்பும் முன்

பயணக் காப்பீடு எடுங்கள். விமான டிக்கெட்டோடு ஒட்டி வரும் மலிவான பாலிசி போதாது. குறைந்தது 90 நாள், நீட்டிக்கக்கூடியதாக இருக்கட்டும். பெரும்பாலான பாலிசிகளை இந்தியாவை விட்டுக் கிளம்பும் முன்தான் வாங்க முடியும். நீட்டிப்பதென்றாலும் பழையது முடிவதற்குள் கேட்க வேண்டும். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் நடக்காது. வாங்கும் முன் மூன்று விஷயங்களை ஏஜென்ட்டிடம் எழுத்தில் கேளுங்கள். ஏற்கெனவே உள்ள சர்க்கரை, பி.பி., தைராய்டு போன்றவற்றுக்கு என்ன நிலை? வேலைக்காகப் போனால் பாலிசி செல்லுமா, சுற்றுலாவுக்கு மட்டுமா? ஒவ்வொரு முறையும் நம் கையிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டும்? விண்ணப்பத்தில் சுற்றுலா என்று எழுதிவிட்டு வகுப்பெடுக்கப் போனால், கிளெய்ம் நேரத்தில் அதையே பிடித்துக்கொள்வார்கள். உண்மையை எழுதுங்கள்.

ஊரில் இருக்கும் குடும்ப மருத்துவக் காப்பீட்டை நிறுத்திவிடாதீர்கள். பொதுவாக அது இந்தியாவுக்குள்தான் செல்லும் என்றாலும், பெரிய நோய் வந்து திரும்பி வர வேண்டியிருந்தால் அதுதான் தாங்கும். விட்டுவிட்டு மறுபடி எடுத்தால் காத்திருப்புக் காலம் முதலிலிருந்து தொடங்கும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும். அப்போது பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடும் கட்டாயமாகச் சேர்ந்துவிடும். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம் ரூபாய். பிரீமியம் இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய்தான். படித்த நமக்கு அந்த அனுமதி தேவையில்லை, அதனால் அந்தக் காப்பீடும் தானாக வருவதில்லை. கட்டடத் தொழிலாளிக்கு அரசு விரித்த வலைகூட டீச்சருக்குக் கீழே இல்லை. ஆகவே நம் பாதுகாப்பை நாமேதான் கட்டிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது மருந்து. ஐந்து ரோட்டிலோ சாரதா கல்லூரி சாலையிலோ நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் போய், லெட்டர்பேடில் புதிய சீட்டு வாங்குங்கள். மருந்தின் கம்பெனிப் பெயரோடு உள்ளே இருக்கும் மூலப்பெயர், அளவு, எதற்காக, டாக்டரின் பதிவு எண், முத்திரை எல்லாம் இருக்கட்டும். நம் ஊரில் சாதாரணமாக எழுதித் தரும் சில மருந்துகள் அங்கே கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை: முதுகுவலிக்குத் தரும் டிரமடால், கோடீன் கலந்த இருமல் சிரப், தூக்கத்துக்கான ஆல்பிராசோலம். அமீரகத்துக்கு இவற்றை எடுத்துப்போக முன்கூட்டியே ஆன்லைனில் அனுமதி வாங்க வேண்டும், இல்லாவிட்டால் வழக்காகிவிடும். முடிந்தால் டாக்டரிடம் சொல்லி வேறு மருந்துக்கு மாறிக்கொள்ளுங்கள். அம்மா கட்டித்தரும் மசாலா டப்பாவையும் ஒருமுறை திறந்து பாருங்கள். கசகசா அங்கே தடை செய்யப்பட்ட பொருள். கறிக்குழம்புப் பொடியில் கலந்திருந்தாலும் வேண்டாம்.

பல்லைப் பார்த்துவிட்டுப் போங்கள். சொத்தைப் பல், கிட்னியில் கல், அடிக்கடி வரும் பித்தப்பை வலி ஆகியவற்றை "லீவுக்கு வரும்போது பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள். சேலத்தில் சில ஆயிரத்தில் முடிவது அங்கே ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கும். கல்யாணமான பெண்கள் திருமணப் பதிவுச் சான்றிதழையும் அட்டஸ்டேஷன் செய்து எடுத்துக்கொள்ளுங்கள். வளைகுடா நாடுகளில் கர்ப்பம், பிரசவம் என்று வந்தால் அதைக் கேட்பது வழக்கம்.

பெயர் விஷயம் நம்மவர்களுக்கே உரிய தொல்லை. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர், பள்ளிச் சான்றிதழில் இனிஷியல், பாலிசியில் அப்பா பெயர் முன்னால் என்று மூன்று விதமாக இருந்தால், ஆஸ்பத்திரி பில்லும் பாலிசியும் பொருந்தாமல் பணம் நின்றுவிடும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு 2022 நவம்பர் முதல் அமீரகம் விசிட் விசாவே தருவதில்லை. பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லா இடத்திலும் எழுதுங்கள்.

கடைசியாக, ஒரு தாளில் ரத்த வகை, ஒவ்வாமை, பழைய அறுவை சிகிச்சைகள், தினமும் சாப்பிடும் மருந்து, ஊரில் ஒருவர், அங்கே ஒருவர் என்று இரண்டு தொலைபேசி எண்கள். ஒரு பிரதி பர்ஸில், ஒன்று போனில், ஒன்று வீட்டில். அதோடு தொடக்கூடாத பணம் கொஞ்சம். திரும்பி வரும் டிக்கெட்டும், ஆஸ்பத்திரி முன்பணமும் கட்டும் அளவுக்காவது அது இருக்கட்டும். சீட்டுப் பணம் எடுத்தாவது ஒதுக்குங்கள்.

போய் இறங்கிய முதல் வாரம்

நன்றாக இருக்கும்போதே கிளினிக்கைத் தேடி வையுங்கள். துபாயில் கராமா, ஷார்ஜாவில் ரோலா போன்ற பகுதிகளில் நம்மவர்களும் மலையாளிகளும் நடத்தும் கிளினிக்குகள் நிறைய. ரிசப்ஷனில் நேராகக் கேளுங்கள்: "இன்சூரன்ஸ் இல்லை, பாஸ்போர்ட் இருக்கு, கேஷ் கட்டினா டாக்டரைப் பார்க்க எவ்வளவு?" தொகையைச் சொல்வார்கள். ஒன்றுக்கு மூன்று இடத்தில் விசாரித்து, இரவிலும் திறந்திருக்கும் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்து அரசு ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சி வாசல் எந்தப் பக்கம் என்றும் ஒருமுறை போய்ப் பார்த்து வாருங்கள்.

பள்ளி நர்ஸைப் பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கென்று இருந்தாலும் ஆசிரியருக்கும் பி.பி. பார்த்துச் சொல்வார். எந்த டாக்டர் நல்லவர், எந்த ஆஸ்பத்திரி தேவையில்லாத டெஸ்ட் எழுதும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

பள்ளி அலுவலகத்தில் ஒரு கடிதம் கேளுங்கள்: இன்னார் எங்கள் பணியாளர், விசா நடைமுறையில் இருக்கிறது, காப்பீடு இன்ன தேதிக்குள் வரும் என்று. தர மறுத்தால் அதே கேள்வியை மின்னஞ்சலில் அனுப்பி, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். பாஸ்போர்ட்டைப் பள்ளியில் ஒப்படைக்கச் சொன்னால், முத்திரை வேலைக்குக் கொடுத்து அன்றே திரும்ப வாங்குங்கள். ஊழியரின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைப்பது அங்கே சட்டவிரோதம். ஆஸ்பத்திரியில் உங்களுக்கு இருக்கும் ஒரே அடையாளமும் அதுதான்.

முடியாமல் போன அன்று

காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு என்றால் கிளினிக் போதும். ஊர் டாக்டரிடம் வீடியோவில் பேசலாம், ஆலோசனைக்கு அது நல்லது. ஆனால் அவர் அனுப்பும் சீட்டுக்கு அந்த ஊர் மருந்துக்கடையில் மருந்து தரமாட்டார்கள்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் மரத்துப்போவது, நிற்காத ரத்தம், மயக்கம், குறையாமல் ஏறிக்கொண்டே போகும் வயிற்றுவலி என்றால் யோசிக்கவே கூடாது. அமீரகத்தில் ஆம்புலன்ஸ் 998. நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள். உயிருக்கு ஆபத்தென்று வந்தவரை முதலில் பார்ப்பார்கள், கணக்கு பிறகு வரும். செல்லுபடியாகும் விசிட் விசாவில் இருப்பவர் ஆஸ்பத்திரிக்குப் போவதில் எந்தக் குற்றமும் கிடையாது. சுற்றுலா வந்தவருக்கு மாரடைப்பு வந்தால் எங்கே போவார்? அதே வாசல்தான் உங்களுக்கும்.

உள்ளே போனதும் பொய் சொல்லாதீர்கள். எங்கே வேலை என்று டாக்டர் கேட்கப்போவதில்லை. எப்போது வலி ஆரம்பித்தது, என்ன சாப்பிட்டீர்கள், என்ன மருந்து எடுத்தீர்கள் என்றுதான் கேட்பார். வலி தெரியாமல் இருக்க மாத்திரை போட்டதை மறைத்தால் நோயைக் கண்டுபிடிப்பது கஷ்டமாகிவிடும். நான் அதையும் மறைத்தேன். ஆங்கிலம் தடுமாறினால் தயங்க வேண்டாம். நர்ஸ்களில் நிறையப் பேர் கேரளத்தவர், "சிஸ்டர், தமிழ் தெரியுமா?" என்று கேட்டால் யாராவது ஒருவர் வந்து நிற்பார். கன்னியாகுமரிப் பக்கத்து சிஸ்டர் ஒருவர் எனக்காக ஒரு மணி நேரம் நின்றார். அந்த முகம் இன்றைக்கும் மறக்கவில்லை.

காப்பீட்டு நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு உடனே, அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள், நீங்களோ தோழியோ பேச வேண்டும். தகவல் சொல்லாமல் அட்மிட் ஆனால் பணமில்லாச் சிகிச்சை கிடைக்காது. கையிலிருந்து கட்டிப் பிறகு வாங்க வேண்டியிருக்கும். பேசியவரின் பெயர், நேரம், கொடுத்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

உயிருக்கு ஆபத்து நீங்கிய பிறகு பணப் பேச்சு வரும். அப்போது மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். தனியார் ஆஸ்பத்திரியில் தொடர்ந்தால் எவ்வளவு, அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றினால் எவ்வளவு, ஊருக்கு அனுப்பும் நிலையில் இருக்கிறேனா என்று மூன்றையும் கேட்கலாம். தவணை கேட்பதும் அவமானமில்லை. பெரிய ஆஸ்பத்திரிகளில் அதற்கென்றே அலுவலர்கள் இருப்பார்கள்.

அடுத்தவர் கார்டு வேண்டவே வேண்டாம்

இதை நான் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. "என் ஐடியில போய்ட்டு வா அக்கா, போட்டோ சரியா பார்க்க மாட்டாங்க" என்று அன்பில்தான் சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். அது இருவருக்கும் குற்றம். கார்டு கொடுத்தவளின் வேலையும் போகும். அதைவிட மோசம், உங்கள் ரத்த வகையும் ஒவ்வாமையும் அவள் பெயரில் பதிவாகும். நாளைக்கு அவள் மயக்கத்தில் கிடக்கும்போது டாக்டர் திறந்து பார்ப்பது உங்கள் வரலாறாக இருக்கும். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவளுக்குப் பென்சிலின் ஏறும். காசில்லை என்றால் கடன் வாங்குங்கள், கார்டை வாங்காதீர்கள்.

விசா தேதியே தாண்டிவிட்டால்

பள்ளி இழுத்தடித்து, விசிட் விசாவும் முடிந்துபோனவர்கள் இருக்கிறார்கள். அமீரகத்தில் கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் 50 திர்ஹாம் அபராதம். அவசரம் என்றால் முதலில் ஆஸ்பத்திரி, அதில் மாற்றமில்லை. அடிதடி, சாலை விபத்து என்றால் போலீஸுக்குத் தகவல் போகும், நம் ஜி.ஹெச்.சில் போவதைப் போலவே. அவசரம் இல்லையென்றால் முதலில் இந்தியத் தூதரகத்தையோ துணைத் தூதரகத்தையோ தொடர்புகொள்ளுங்கள்.

துன்பத்தில் இருக்கும் இந்தியர்களுக்காகவே இந்தியச் சமூக நல நிதி என்ற ஒன்று 2009 முதல் இருக்கிறது. நாம் தூதரகச் சேவைகளுக்குக் கட்டும் கட்டணத்தில் சேரும் சிறு தொகையில் நடப்பது அது. வசதி இல்லாதவர்களின் அவசர மருத்துவம், திரும்பி வரும் டிக்கெட் ஆகியவற்றுக்கு அதிலிருந்து உதவ முடியும். கேட்டவர்களுக்கெல்லாம் கிடைக்காது, நிலைமையை விசாரித்துத் தருவார்கள். ஆஸ்பத்திரி அறிக்கை, பில், வேலை ஒப்பந்தம், பள்ளியோடு நடந்த மின்னஞ்சல் எல்லாம் அப்போதுதான் கைகொடுக்கும். வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற புகார் இணையதளத்திலும் புகாரைப் பதியுங்கள். பதிவு எண் கிடைக்கும். சேலத்திலிருந்தே வீட்டுக்காரர்களும் பதியலாம். சென்னையில் அயலகத் தமிழர் நலத்துறையும் இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனுநாளில் ஒரு மனு கொடுத்தால் அது அங்கே போய்ச் சேரும். அமீரகம் 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை அபராதமில்லாமல் வெளியேறவோ சரிசெய்துகொள்ளவோ பொது மன்னிப்பு தந்தது. அப்படி ஒன்று வந்தால் தூதரகப் பக்கத்தில் முதலில் தெரியும்.

வேறு நாடு என்றால்

ஆம்புலன்ஸ் எண்: சவுதி 997, கத்தார் 999, குவைத் 112, ஓமன் 9999, மாலத்தீவு 102, சீனா 120, தாய்லாந்து 1669, வியட்நாம் 115.

மாலத்தீவில் நம் ஊர் ஆசிரியர்கள் நிறையப் பேர். அங்கே 2012-ல் தொடங்கிய ஆசந்தா இலவச மருத்துவத் திட்டம் அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும்தான். வேலை பார்ப்பது சின்னத் தீவென்றால் உள்ளூர் சுகாதார மையத்தால் முடியாததற்கு மாலேவுக்குக் கடல் தாண்ட வேண்டும். ஆகவே உங்கள் பாலிசியில் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நோயாளியை மாற்றும் செலவு அடங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

சீனாவில் இசட் விசாவில் (வேலைக்கான விசா) இறங்கி 30 நாளுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தங்குமிடப் பதிவும் உண்டு. அரசு ஆஸ்பத்திரியில் முதலில் பதிவுக் கட்டணம், பிறகு ஒவ்வொரு டெஸ்டுக்கும் முன்பே காசு என்று போகும். போன் செயலியில் பணம் கட்டும் வசதி இல்லாமல் போய் நின்றால் திண்டாட்டம்தான்.

எத்தியோப்பியா போன்ற ஆப்பிரிக்க நாடுகளுக்குக் கல்லூரி வேலைக்குப் போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பு போட்டுக்கொள்ள வேண்டும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஒருமுறை போட்டால் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும்.

டிஸ்சார்ஜ் ஆகும்போதும், அதற்குப் பிறகும்

கையெழுத்துப் போடும் முன் டிஸ்சார்ஜ் சம்மரி, முழுப் பிரிவுகளோடு பில், பணம் கட்டிய ரசீது, ஸ்கேன் படங்கள் உள்ள சிடி எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் வாங்குங்கள். அரபியிலோ சீனத்திலோ மட்டும் கொடுத்தால் ஊர் டாக்டருக்கும் புரியாது, காப்பீட்டுக் கம்பெனிக்கும் புரியாது. பெயரின் எழுத்தைப் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, தப்பிருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். எனக்கு ஒரு எழுத்து மாறியதால் கிளெய்ம் நாலு மாதம் நின்றது.

ஊருக்கு வந்து மேற்கொண்டு பார்ப்பதென்றால் விமானத்தில் போகலாம் என்று டாக்டரிடம் சான்று வாங்கி, டிக்கெட் போடும்போதே விமான நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள். வயிற்றில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தால் எத்தனை நாள் கழித்துப் பறக்கலாம் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளிடம் 28 வாரத்துக்கு மேல் விமான நிறுவனங்கள் பொதுவாக டாக்டர் கடிதம் கேட்கின்றன.

ரெசிடென்ஸி கைக்கு வந்ததும் காப்பீட்டு கார்டில் என்ன அடங்கும், எந்த ஆஸ்பத்திரி வரை செல்லும் என்று ஒரு மாலை உட்கார்ந்து படியுங்கள். இடைவெளியில் தள்ளிப்போட்ட ரத்தப் பரிசோதனை, கண், பல் என்று எது பாக்கி இருக்கிறதோ, அதை அந்த மாதமே முடித்துவிடுங்கள். பயணக் காப்பீட்டுக்கான கிளெய்ம் காகிதங்களை அனுப்பாமல் வைத்திருந்தால் கடைசித் தேதி எது என்று பாலிசியில் பார்த்து, அதற்குள் அனுப்புங்கள். எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்து வீட்டில் ஒருவருக்கு மின்னஞ்சலில் போட்டு வையுங்கள்.